வேகச் சலானும் லைசென்ஸ் முடக்கமும்: நீலகிரி இளம் ஓட்டுநர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. அதற்குள் பர்லியாறு பக்கம் ஒன்று, கோத்தகிரி ரோட்டில் ஒன்று, கீழே மேட்டுப்பாளையம் தாண்டி இன்னொன்று என்று வேகச் சலான்கள் சேர்ந்துவிடும். ஃபைனைக் கட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். பிறகு ஒருநாள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து, "உங்கள் ஓட்டுநர் உரிமத்தை ஏன் தற்காலிகமாக முடக்கக் கூடாது?" என்று கடிதம் வரும். அந்தக் கடிதத்தைக் கையில் வைத்திருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்கும் கேள்விகள் இவை. சட்டம் என்று இங்கே சொல்வது 2019-இல் திருத்தப்பட்ட 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தை.

ஃபைன் எல்லாம் கட்டியாச்சு. அப்புறமும் எதுக்கு நோட்டீஸ்?

ஃபைன் ஒரு கணக்கு, லைசென்ஸ் வேறு கணக்கு. சலான் தொகையைக் கட்டினால் அந்தக் குற்றத்துக்கான வழக்கு முடிகிறது. இப்படிச் சமரசமாகத் தீர்த்துக்கொள்ள இடம் தருவது பிரிவு 200. ஆனால் 2019 திருத்தம் அதே பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தது: பணம் கட்டித் தீர்த்துக்கொண்டாலும், பிரிவு 206(4)-இன் கீழ் லைசென்ஸ் மீது எடுக்கும் நடவடிக்கையிலிருந்தும் புத்தாக்கப் பயிற்சியிலிருந்தும் (ஓட்டுநர்களுக்கான ரெஃப்ரெஷர் வகுப்பு) அது விடுதலை தராது. இந்த ஒரு வரியைத் தெரியாமல்தான் பாதிப் பேர் நோட்டீஸைத் "தப்பா வந்திருக்கு" என்று மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். தப்பாக வரவில்லை.

எத்தனை சலான் ஆனால் லைசென்ஸ் போகும்? பாயிண்ட் கணக்கு ஏதாவது உண்டா?

வெளிநாடுகளில் இருப்பதுபோல ஒவ்வொரு மீறலுக்கும் மதிப்பெண் வெட்டும் முறை நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. அதனால் "மூணு வரைக்கும் பரவாயில்லை" என்று டீக்கடையில் சொல்வதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது.

சட்டம் சொல்வது இது. பிரிவு 183-இன்படி இலகுரக வாகனத்தில் வேக வரம்பைத் தாண்டினால் 1,000 முதல் 2,000 ரூபாய் வரை அபராதம். நடுத்தர, கனரக வாகனம் என்றால் 2,000 முதல் 4,000 வரை. இரண்டாவது முறையும் அதன் பிறகும் லைசென்ஸைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. பிரிவு 206(4) இன்னும் ஒரு படி மேலே போகிறது. வேகம், ஆபத்தான ஓட்டுதல், குடித்துவிட்டு ஓட்டுதல், பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லாமை போன்ற குற்றங்களில் எது நடந்ததாக நம்பக் காரணம் இருந்தாலும், போலீஸ் அதிகாரி லைசென்ஸை வாங்கி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். முதல் தடவைக்கும் இது பொருந்தும்.

அப்படி வந்த லைசென்ஸை வைத்துப் பிரிவு 19(1ஏ)-இன் கீழ் விசாரிப்பார்கள். முதல் குற்றம் என்றால் 3 மாத முடக்கம். இரண்டாவது அல்லது அதற்கு மேற்பட்டது என்றால் லைசென்ஸே ரத்து. ரத்தானவரின் பெயரைப் பொதுவெளியில் வெளியிடவும் சட்டத்தில் இடம் உண்டு.

இதற்கும் முன்பே, 2015-இல், உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு மாநிலங்களுக்கு அனுப்பிய உத்தரவில் அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுதல், ஓட்டும்போது செல்போன், சரக்கு வண்டியில் அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், குடித்துவிட்டு ஓட்டுதல் ஆகியவற்றுக்குக் குறைந்தது 3 மாதம் முடக்கச் சொல்லியிருந்தது. ஆகவே முதல் இரண்டு சலானுக்கு யாரும் லைசென்ஸைக் கேட்கவில்லை என்றால் அது உங்கள் அதிர்ஷ்டம். உரிமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

லைசென்ஸை வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்திருக்கிறார்கள். அதைக் காட்டி ஓட்டலாம் என்கிறார் மாமா. சரியா?

ரசீதில் எந்தப் பிரிவு எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பதில் அதில்தான் இருக்கிறது. பழைய முறையில், பிரிவு 206(3)-இன் கீழ் தரும் தற்காலிக ஒப்புகையை வைத்து, அதில் குறித்த தேதிவரை ஓட்டலாம். உங்கள் மாமா நினைவில் வைத்திருப்பது அதைத்தான். பிரிவு 206(4)-இன் கீழ் தரும் ரசீதோ ஓட்ட அனுமதி தராது. லைசென்ஸ் திரும்பி வரும்வரை வண்டியைத் தொடக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. இரண்டு தாளும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ரசீதில் பிரிவு எண் எழுதாமல் விட்டிருந்தால் அங்கேயே கேட்டு எழுதி வாங்குங்கள். அதிகாரி பெயர், பதவி, இடம், நேரம் நான்கும் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் கார்டே இல்லை, டிஜிலாக்கரில்தான் இருக்கிறது. எதைப் பறிப்பார்கள்?

பதிவைத்தான். மின்னணு வடிவில் உள்ள லைசென்ஸ் செல்லும் என்பதுபோலவே, அதன் மீது எடுக்கும் நடவடிக்கையும் மின்னணு வடிவிலேயே, லைசென்ஸ் பதிவுகளை வைத்திருக்கும் அரசின் சாரதி தளத்தில் ஏறிவிடும். வீட்டு பீரோவில் பழைய பிளாஸ்டிக் கார்டு கிடந்தாலும் பயனில்லை. அடுத்த சோதனைச் சாவடியில் எண்ணைத் தட்டினால் முடக்கம் தெரிந்துவிடும்.

நோட்டீஸ் வந்திருக்கிறது. முதலில் என்ன செய்வது?

உறையைத் தூக்கிப் போடாதீர்கள். கையில் கிடைத்த தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். பதில் தரும் கெடு அங்கிருந்துதான் எண்ணப்படும். பிறகு நோட்டீஸில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள்: எந்த அலுவலகம் அனுப்பியது, எந்தப் பிரிவின் கீழ், எந்தெந்தச் சலான் எண்களுக்காக.

பிரிவு முக்கியம். 19(1ஏ) என்றால் அதிகாரிக்கு இரண்டே வழி: விளக்கத்தை ஏற்று விடுவிப்பது, அல்லது 3 மாதம் முடக்குவது (இரண்டாவது குற்றம் என்றால் ரத்து). "ஒரு மாசமா குறைச்சுக்குங்க சார்" என்று கெஞ்சுவதற்கு அதில் இடமே இல்லை. 19(1) என்றால், அதாவது உங்கள் முந்தைய ஓட்டுதலைப் பார்த்தால் பொதுமக்களுக்கு ஆபத்து என்றோ, மத்திய மோட்டார் வாகன விதி 21-இல் பட்டியலிட்ட செயல் என்றோ (வேக வரம்பைத் தாண்டுவது அந்தப் பட்டியலில் உண்டு) நோட்டீஸ் வந்திருந்தால், எவ்வளவு காலம் என்பதை அதிகாரி முடிவு செய்வார். அங்கே காலத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதில் பொருள் இருக்கிறது.

அடுத்து, அரசின் பரிவாகன் இ-சலான் தளத்தில் சலான் எண், வண்டி எண், லைசென்ஸ் எண் மூன்றையும் தனித்தனியாகப் போட்டுத் தேடுங்கள். வண்டி எண்ணைப் போட்டால் இன்ஜின் அல்லது சேசிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களையும் கேட்கும். ஆர்சியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வழியில் தேடுவதற்குக் காரணம் இருக்கிறது. கேமரா சலான் வண்டி எண்ணில் விழும், நேரில் எழுதியது லைசென்ஸ் எண்ணிலும் விழும். ஒன்றை மட்டும் பார்த்தால் மற்றது கண்ணில் படாது. ஒவ்வொரு சலானையும் படத்தோடும் கட்டிய ரசீதோடும் அச்செடுங்கள். கட்டாதது எதுவும் கண்ணில் பட்டால், கட்டுவதா எதிர்ப்பதா என்று விசாரணைக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். விசாரணை அன்று "இது எனக்குத் தெரியாது" என்பது நன்றாக இருக்காது.

பதில் எப்படி எழுதுவது? வக்கீல் வேண்டுமா?

இந்தக் கட்டத்தில் வக்கீல் கட்டாயம் இல்லை. ஒரு பக்கத்துக்குள் தமிழிலேயே எழுதலாம். பெறுநர் இடத்தில் உரிமம் வழங்கும் அதிகாரி, வட்டாரப் போக்குவரத்து அலுவலகம், உதகமண்டலம் என்று போடுங்கள். நோட்டீஸ் வேறு அலுவலகத்திலிருந்து வந்திருந்தால் அந்தப் பெயரைப் போடுங்கள். பொருள் வரியில் லைசென்ஸ் எண், நோட்டீஸ் எண், தேதி. முதல் பத்தியில் நோட்டீஸ் எந்தத் தேதியில் கிடைத்தது என்பது. இரண்டாவது பத்தியில் ஒவ்வொரு சலானுக்கும் ஒரு வரி: தேதி, இடம், பதிவான வேகம், வரம்பு, ஒப்புக்கொள்கிறீர்களா மறுக்கிறீர்களா. மறுத்தால் ஏன் என்று ஒரே வாக்கியம். மூன்றாவது பத்தியில் வேலை, வீட்டில் வேறு யார் ஓட்டுவார்கள், இதுவரை விபத்து உண்டா, அதற்குப் பிறகு என்ன மாற்றிக்கொண்டீர்கள் என்பவை. கடைசி வரியாக, "ஆணை பிறப்பிக்கும் முன் என்னை நேரில் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதுங்கள். நேரில் கேட்ட பிறகே, காரணங்களை எழுத்தில் பதிந்தே ஆணை போட வேண்டும் என்பது பிரிவு 19-இலேயே இருக்கிறது. நீங்கள் கேட்டதும் பதிவில் இருந்தால் பின்னால் மேல்முறையீட்டுக்கு உதவும்.

இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றைக் கொடுத்து மற்றதில் அலுவலக முத்திரை, தேதி வாங்குங்கள். மழையில் ரோடு அடைத்துக்கொண்டு போக முடியாத நாளாக இருந்தால் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

விசாரணையில் என்ன சொல்லக் கூடாது?

"டூரிஸ்ட் வண்டி எல்லாம் இதைவிட வேகமா போகுது" என்பது முதலாவது. அது உண்மையாகவே இருக்கலாம், உங்களுக்கு உதவாது. "ரோடு காலியா இருந்துச்சு", "மத்தவங்க ஹார்ன் அடிச்சாங்க, அதான்" என்பவையும் அப்படியே. இவை மூன்றும் வேகத்தை ஒப்புக்கொண்டுவிட்டு அதற்கு வருத்தம் இல்லை என்று சொல்வதற்குச் சமம்.

மருத்துவ அவசரம் இருந்திருந்தால் அன்றைய தேதியிட்ட ஆஸ்பத்திரிச் சீட்டைக் காட்டுங்கள். வாயால் சொன்னால் எடுபடாது. பிழைப்பே ஓட்டுநர் வேலை என்றால் முதலாளியின் கடிதம் வையுங்கள். எல்லாச் சலானும் ஒரே மாதத்தில், ஒரே இடத்தில் விழுந்தவை என்றால் அதைச் சொல்லுங்கள். புதிதாக வைத்த பலகையைக் கவனிக்காமல் திரும்பத் திரும்ப மாட்டுவது நடக்கிற காரியம்தான்; இரண்டு வருஷமாக ஊரெல்லாம் மாட்டுவது வேறு.

ஸ்பீட் கன் தப்பாகக் காட்டியிருந்தால்?

எதிர்க்கலாம். ஆனால் எதை எதிர்க்கிறோம் என்று தெரிந்து எதிர்க்க வேண்டும்.

ஒரு சாட்சியின் கண் மதிப்பீட்டை மட்டும் வைத்து வேகக் குற்றத்துக்குத் தண்டிக்கக் கூடாது, கருவியால் அளந்திருக்க வேண்டும் என்பது பிரிவு 183(3). கருவி என்று வந்தால் 2021-இல் சேர்த்த விதி 167ஏ இருக்கிறது. ஸ்பீட் கன், வேகக் கேமரா, எண் பலகை வாசிக்கும் கேமரா எல்லாம் அதில் அடங்கும். கருவிக்கு அங்கீகாரச் சான்று இருக்க வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பித்திருக்க வேண்டும். கண்காணிப்பு உண்டு என்று முன்கூட்டியே பலகை வைத்திருக்க வேண்டும். குற்றம் நடந்து 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். சலானில் வண்டி எண் தெரியும் படம், கருவி அளந்த வேகம், தேதி, நேரம், இடம், மீறிய பிரிவு எல்லாம் வேண்டும். இவற்றில் எது இல்லை என்று எழுதினால் அது வாதம். "நான் அவ்வளவு வேகமா போகல" என்பது வாதம் ஆகாது.

வேக வரம்புக்கும் அப்படியே. பிரிவு 112(2)-இன்படி ஒரு சாலைக்குத் தனி வரம்பு வைத்தால் அரசிதழ் அறிவிப்பும் வேண்டும், இடத்தில் பலகையும் வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் போகாத தற்காலிகக் கட்டுப்பாட்டுக்கு மட்டும் அறிவிப்பு தேவையில்லை. சீசன் சமயத்தில் வைக்கும் பலகைகள் இந்த வகையில் வரலாம். பலகையைச் செடி மூடியிருந்தால் அன்றைக்கே, தேதி விழும்படி படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் செடி வளர்ந்திருக்கும், நம்பவும் மாட்டார்கள்.

கருவி சாய்வாக நின்று அளந்ததால் வேகம் கூடிவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள். நேர்மாறானது. ஓரமாக நின்று கோணத்தில் அளந்தால் உண்மையான வேகத்தைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்த வாதத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள்.

ஸ்பீடோமீட்டரை ஆதாரமாகக் காட்டுவதும் உதவாது. அது பொதுவாக உண்மையைவிடக் கொஞ்சம் கூட்டியே காட்டும்படி செய்யப்படுவது. அழகுக்காகப் பெரிய டயர் மாட்டியிருந்தால் கதை மாறும்: மீட்டர் 40 காட்டும்போது வண்டி அதற்கு மேலே போய்க்கொண்டிருக்கும். அளவு மாற்றிய டயரைப் பற்றி விசாரணையில் நீங்களாக வாயைத் திறந்தால் இன்னொரு வம்பு.

இணையவழி நீதிமன்றத்துக்கு மாற்றிய சலானில், கட்டுவதற்குப் பக்கத்திலேயே வழக்கை எதிர்கொள்ளும் தெரிவும் இருக்கும். அதை அழுத்தினால் வழக்கு அந்த இடத்துக்குரிய நீதிமன்றத்துக்குப் போகும். நேரில் போக வேண்டிவரும். கீழே சமவெளியில் விழுந்த சலானுக்காக மலையிலிருந்து இரண்டு மூன்று முறை இறங்க வேண்டும் என்பதையும் கணக்குப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

வண்டி அப்பா பெயரில். ஓட்டியது நான். யார் லைசென்ஸ் போகும்?

கேமரா சலான் வண்டி உரிமையாளருக்கு வரும். லைசென்ஸ் மீதான நடவடிக்கையோ ஓட்டியவர் மீது. யார் ஓட்டினார் என்று அதிகாரி கேட்டால் சொல்ல வேண்டிய கடமை பிரிவு 133-இன்படி உரிமையாளருக்கு உண்டு. "நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன், பையன் லைசென்ஸ் பிழைக்கட்டும்" என்று அப்பாக்கள் நினைப்பது பாசத்தால்தான். ஆனால் பொய்த் தகவல் கொடுப்பது தனிக் குற்றம், படத்தில் முகம் தெரிந்தால் இரண்டு பேரும் மாட்டுவீர்கள். அப்பா டாக்ஸி ஓட்டுபவர் என்றால் போவது வீட்டுச் சாப்பாட்டு லைசென்ஸ்.

விற்ற வண்டிக்குப் பெயர் மாற்றாமல் விட்டிருந்தாலும் சலான் பழைய உரிமையாளருக்கே வரும்.

தம்பிக்கு 17 வயசு. என் ஸ்கூட்டரில் மாட்டிக்கொண்டான்.

இது வேகச் சலானைவிடப் பெரிய விஷயம். பிரிவு 199ஏ-இன்படி பாதுகாவலருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் 3 ஆண்டுவரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. தம்பிக்கு 25 வயது ஆகும்வரை லைசென்ஸ் கிடையாது. உடனே வக்கீலைப் பாருங்கள்.

எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) வைத்திருக்கும்போதே வேகச் சலான் வந்தால்?

அபராதம் எல்லாருக்கும் போலத்தான். கூடவே, பக்கத்தில் லைசென்ஸ் உள்ள பயிற்றுநர் இருந்தாரா, 'எல்' பலகை இருந்ததா என்றும் பார்ப்பார்கள். இல்லையென்றால் அது தனி வழக்கு.

கேரட் லோடு பிக்-அப் ஓட்டுகிறேன். விடிவதற்குள் மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்ச் சேரச் சொல்கிறார் முதலாளி. வேகம் அவர் பொறுப்பா, என் பொறுப்பா?

இருவர் பொறுப்பும். பிரிவு 183, வண்டியை ஓட்டியவரை மட்டுமல்ல, தன்னிடம் வேலை செய்பவரை வரம்பு தாண்டி ஓட்ட வைத்தவரையும் பிடிக்கிறது. ஆனால் லைசென்ஸ் உங்களுடையது. அதை முதலாளியால் திருப்பித் தர முடியாது. "4 மணிக்குள்ள வரணும்" என்ற வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள். புறப்படும் நேரத்தை அரை மணி முன்னால் தள்ளச் சொல்லிக் கேளுங்கள். கணக்குப் பார்த்தால் 20 கி.மீ. மலைப்பாதையை 30-இல் ஓட்டுவதற்கும் 40-இல் ஓட்டுவதற்கும் வித்தியாசம் பத்தே நிமிஷம். அதற்காக மூன்று மாதச் சம்பளம்.

சரக்கு வண்டியில் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இருக்கிறதே என்று நம்பி இருக்காதீர்கள். அதன் வரம்பு 80. 30 பலகை உள்ள மலைப்பாதையில் அது இருந்தாலும் ஒன்று, இல்லாவிட்டாலும் ஒன்று.

முடக்க ஆணை வந்துவிட்டது. இனி?

லைசென்ஸை உடனே ஒப்படைக்க வேண்டும். முடக்கம் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று ஆணையில் படித்து, ஒப்படைத்ததற்கு ரசீது வாங்குங்கள்.

மேல்முறையீடு செய்ய ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். யாரிடம் செய்ய வேண்டும் என்று ஆணையில் இல்லாவிட்டால் அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீடு போட்டுவிட்டால் முடக்கம் தானாக நின்றுவிடாது. இடைக்காலத் தடையை அந்த மனுவிலேயே தனியாகக் கேட்க வேண்டும். எடுபடக்கூடிய காரணங்கள்: நேரில் விசாரிக்கவில்லை, கொடுத்த பதிலைப் பற்றி ஆணையில் ஒரு வார்த்தை இல்லை, முதல் குற்றத்தை இரண்டாவது என்று எண்ணிவிட்டார்கள், சலான் வேறு வண்டியுடையது. "தண்டனை அதிகம்" என்பது 19(1ஏ)-இல் எடுபடாது.

மூன்று மாதம் முடிந்ததும் லைசென்ஸ் தானாக வந்துவிடும் என்று இருப்பவர்கள் நான்காவது மாதமும் பஸ்ஸில் போகிறார்கள். புத்தாக்கப் பயிற்சியை முடித்த சான்று இருந்தால்தான் திருப்பித் தருவார்கள். எந்தப் பயிற்சிப் பள்ளியின் சான்றை ஏற்பார்கள் என்று ஆணை வந்த வாரமே அலுவலகத்தில் கேட்டு இடம் பிடித்துவிடுங்கள்.

இடையில் ஓட்டினால் பிரிவு 182: 10,000 ரூபாய் அபராதம் அல்லது 3 மாதம்வரை சிறை, அல்லது இரண்டும். அதைவிடக் கனமானது இன்ஷூரன்ஸ். முடக்கத்தில் உள்ளவர் ஓட்டி விபத்து நடந்தால், அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை நிறுவனம் வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலிக்க வழி இருக்கிறது. உங்கள் வண்டியின் சேதத்துக்குக் கோர முடியாது. "எஸ்டேட் ரோட்டுக்குள்ள தானே" என்ற கணக்கு இங்கேதான் குடும்பத்தைச் சாய்க்கிறது.

வேறு ஊர் முகவரியில் புது லைசென்ஸ் எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். முடக்கம் என்பது கையில் உள்ளதை மட்டுமல்ல, புதிதாகப் பெறுவதையும் தடுக்கிறது. சாரதி தளம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். வெளிநாட்டில் ஓட்டுவதற்கான சர்வதேச அனுமதியும் அந்தக் காலத்தில் கிடைக்காது.

நாடுகாணி தாண்டி கேரளத்தில் விழுந்த சலான் இங்கே தெரியுமா?

தெரியும். இ-சலான் பதிவு ஒன்றேதான். கக்கநல்லா தாண்டி கர்நாடகத்தில் விழுந்தாலும் அப்படியே.

"உங்கள் வாகனத்துக்குச் சலான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்திருக்கிறது.

திறக்காதீர்கள். 'ஏபிகே' என்று முடியும் ஃபைல் சலான் அல்ல, உங்கள் போனில் புகுந்து வங்கிக் கணக்கைத் துடைக்கும் செயலி. சலான் உண்மையா என்று பார்க்க, வந்த இணைப்பைத் தொடாமல், பரிவாகன் தளத்தை நீங்களே திறந்து வண்டி எண்ணைப் போடுங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும்.

மலையில் 30 என்பது உண்மையிலேயே தேவையா? காரெல்லாம் இப்போது நல்ல பிரேக்கோடு வருகிறதே.

பிரேக் நல்லதுதான். டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடியை அது கூட்டித் தராது.

கொண்டை ஊசி வளைவுகளுக்கு, சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் வைத்திருக்கும் குறைந்தபட்ச வடிவமைப்பு வேகம் மணிக்கு 20 கி.மீ., உள்வளைவின் குறைந்தபட்ச ஆரம் 14 மீட்டர். 15 மீட்டர் ஆரமுள்ள வளைவில், மழையில் நனைந்த தார் என்றால், சாலையின் பக்கச் சாய்வைச் சேர்க்காமல் கணக்கிட்டால் சுமார் 28 கி.மீ. வேகத்திலேயே டயர் பிடி விடத் தொடங்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு இப்படி 14 வளைவு, கல்லட்டியில் 36.

நேரான இறக்கத்தையும் பாருங்கள். நூற்றுக்கு 8 சரிவு, ஈரமான ரோடு, காட்டுமாடு குறுக்கே வந்ததைக் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை விநாடி. 30-இல் வந்தால் சுமார் 24 மீட்டரில் நிற்கும். 50-இல் வந்தால் ஏறக்குறைய 52 மீட்டர். மூடுபனியில் கேத்தி, லவ்டேல் பக்கம் 30 மீட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியாத மாலைகள் உண்டு.

இறங்கும்போது வேகம் கூடுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆக்சிலரேட்டர் அல்ல, கியர். எந்தக் கியரில் ஏறுவோமோ அந்தக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலையில் பழைய பாடம். இரண்டாவது கியரில் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக் வளைவுக்கு முன்னால் மட்டும் போதும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவதில் மிச்சமும் கிடையாது: கியரில் இருந்து ஆக்சிலரேட்டரை விட்டால் இன்றைய இன்ஜின்கள் எரிபொருளையே நிறுத்திவிடும், நியூட்ரலில்தான் ஐட்லிங்குக்கு எரிந்துகொண்டிருக்கும். ஆட்டோமேட்டிக் காரை 'டி'யிலேயே விட்டால் அது மேல் கியருக்குத் தாவும். 'எல்', '2' அல்லது மேனுவல் நிலைக்கு மாற்றுங்கள்.

கியரில்லா ஸ்கூட்டருக்கு இந்த வசதி குறைவு. ஆக்சிலரேட்டரை முழுதாக விட்டு வேகம் குறைந்தால் கிளட்ச் விலகிக்கொள்ளும், பிறகு பாரம் முழுதும் பிரேக்கில். அதனால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து, விட்டு விட்டுப் பிடியுங்கள்; பிடித்தபடியே இறங்காதீர்கள்.

கருகல் வாடை வந்தாலோ பெடல் பஞ்சுபோல் அமுங்கினாலோ ஓரம்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். புதிய டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறியபின் 155 வரை இறங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி, பெடலில் ஒன்றும் இருக்காது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அப்படியும் பிரேக் போய்விட்டால் கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து, பள்ளத்தின் பக்கம் அல்லாமல் மலையின் பக்கம் உரசி நிறுத்துங்கள்.

ஏறும் வண்டிக்கு வழிவிட்டால் இறங்கும் நான் நிற்க வேண்டும். பின்னால் வருபவர் ஹார்ன் அடிக்கிறாரே?

அடிக்கட்டும். குறுகலான மலைச்சாலையில் இறங்குபவர்தான் ஏறுபவருக்கு வழிவிட வேண்டும் என்பது விதி. இடது ஓரத்தில் அகலமான இடம் வந்ததும் இண்டிகேட்டர் போட்டு அவரையும் முன்னால் அனுப்பிவிடுங்கள்.